மருந்துக்கு முன் ஓர் அளவு

போன மாதம் ஆன்சி போன் செய்தாள். கண் ஆஸ்பத்திரியில் நான் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். பகவதி டாக்டர் தொடங்கி வைத்து, அவர் ஓய்வு பெற்றதும் நின்றுபோன ஆராய்ச்சியின் கோப்புகளை அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறார்களாம். நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே கண் அழுத்தத்தை அளந்துகொள்ளக் கையடக்கமான கருவி வந்திருக்கிறது. அதைக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரப் போகிறார்கள்.

"அக்கா, எல்லா ஃபைலும் ஒழுங்கா இருக்கு. ஒண்ணுல மட்டும் 'பங்கேற்பிலிருந்து விலகினார்'னு எழுதி உங்க கையெழுத்து இருக்கு. காரணம்னு உள்ள கட்டம் காலி. என்ன காரணம்னு ஓர்மை இருக்கா?" என்று கேட்டாள்.

விலகுகிறவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது ஆராய்ச்சி விதி, அதனால் எழுதவில்லை என்று அவளிடம் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. புதிய ஆராய்ச்சியிலும் நோயாளிகளுக்கு மாதம் ஒருமுறை போன் செய்து பேசும் வேலை உண்டு. அதை ஆன்சிதான் செய்யப் போகிறாள். அந்தக் காலிக் கட்டத்தில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் தக்கலைப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கண் பரிசோதனைக்கான இரண்டு வருடப் படிப்புப் படித்து, இருபத்தோராம் வயதில் ஒரு முகாம் வேனில் கண்ணாடி நம்பர் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். சில வருடம் கழித்து இந்த ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. நோயாளிகள் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதல் வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

என் முக்கிய வேலை கண் அழுத்தம் பார்ப்பது. கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிகிற வழி அடைபட்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் கண்ணின் பின்புறத்தில் இருக்கும் நரம்பை நசுக்கும். செத்த நரம்பு மறுபடி உயிர்க்காது. சாதாரணமாக அழுத்தம் இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டும்.

அளக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முதலில் கண் மரத்துப்போக ஒரு சொட்டு. அடுத்து ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகித நுனியைக் கீழ் இமையில் லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். நோயாளி தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொள்வார். நீல வெளிச்சத்தில், ஒரு சின்னக் கூம்பின் தட்டையான நுனி விழியைத் தொடும். தொட்டதும் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பச்சை அரை வட்டங்கள் எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் திருகத் திருக அவை நகரும். இரண்டின் உள் விளிம்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நிறுத்திச் சக்கரத்தில் எண்ணைப் பார்க்க வேண்டும். அரை வட்டங்கள் அசையாமல் நிற்காது. நோயாளியின் நாடித் துடிப்புக்கு ஏற்ப அவையும் துடிக்கும். சாயம் அதிகமானால் கோடு தடித்து அளவு கூடிவிடும். விரல் இமையை அழுத்தினாலும் கூடும். நோயாளி பயந்து மூச்சைப் பிடித்தாலும் கூடும். பயப்படாத நோயாளியை நான் பார்த்ததில்லை. அளக்கிற நானும் பயந்துகொண்டுதான் அளந்தேன், கடைசி நாள் வரை.

பகவதி டாக்டர் எங்கள் பிரிவுக்குத் தலைவர். நாகர்கோவில்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என்னை 'நீ' என்பார். கோபம் வந்தால் 'நீங்க' என்பார். அந்த 'நீங்க'வைக் கேட்டால் நாங்கள் எல்லாரும் எங்கே பிழை என்று தேடத் தொடங்குவோம். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எப்படித் தெரியும்?"

அந்த நோயைப் பற்றியும் அப்படித்தான் கேட்டார். இரண்டு வெளிநாட்டு டாக்டர்களின் பெயர் சேர்ந்த நோய் அது. எங்கள் வாயில் நுழையாததால் 'பிரஷர் அட்டாக்' என்றே சொல்லிக்கொண்டோம். மிகவும் அபூர்வம். ஒரு கண்ணில் மட்டும் வரும். கண் சிவக்காது, பெரிதாக வலிக்காது. உள்ளே லேசான அழற்சி. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வண்ண வளையம் தெரியும். அளந்தால் அழுத்தம் ஐம்பதைத் தாண்டி நிற்கும். சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அடங்கும். பல மாதம் கழித்து மறுபடி வரும். தானாக அடங்குகிற நோய், கண்ணுக்குப் பெரிய சேதம் இல்லை என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சேதம் இல்லன்னு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர். "அட்டாக் முடிஞ்சதும் நோயாளி வாறதில்ல. வராதவங்க கண்ண யாரு பாத்தா?"

அதற்குத்தான் அந்த ஆராய்ச்சி. புது மருந்து கிடையாது, புது ஊசி கிடையாது. எல்லாருக்கும் கொடுக்கும் வழக்கமான சிகிச்சையைக் கொடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அட்டாக்கிலும் அட்டாக் இல்லாத மாதங்களிலும் கண்ணை அளந்து எழுதி வைப்பது. வருடக்கணக்கில். கோப்புகள் எல்லாம் சேர்ந்து அலமாரியின் ஒரு தட்டைக்கூட நிறைக்கவில்லை. அவ்வளவு அபூர்வமான நோய்.

தொடங்கி மூன்றாம் மாதம் டாக்டர் என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹெலன், உங்க நோயாளி யாருக்குமே ஒத்தப்படை எண் வாறதில்லியா?" என்று கேட்டார். 'உங்க' என்றதுமே நான் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டேன். பார்த்தால் பதினாறு, பதினெட்டு, இருபத்திரண்டு, நாற்பது என்றுதான் இருந்தது. சக்கரத்தில் இரண்டு இரண்டாகத்தான் கோடு போட்டிருக்கும். கோட்டுக்கு நடுவில் நின்றால் பக்கத்துக் கோட்டுக்குத் தள்ளியிருக்கிறேன். எனக்கே தெரியாமல். அன்றிலிருந்து, நான் சக்கரத்தைத் திருகி விளிம்புகளைச் சேர்ப்பேன், எண்ணைப் பார்க்க மாட்டேன். பக்கத்தில் இன்னொருவர் நின்று எண்ணைப் படித்து எழுதுவார். அவர் கண்ணைப் பார்க்க மாட்டார். "நீ பொய் எழுதலைன்னு எனக்குத் தெரியும். நம்ம எல்லாருக்கும் ஒரு எண் மேல ஆசை உண்டு. அத நம்பப்படாது" என்றார் டாக்டர். அந்த வார்த்தையை நான் சக்கரத்தோடு நிறுத்திக்கொண்டேன். போனுக்கும் அது பொருந்தும் என்று யோசிக்கவில்லை.

ஒவ்வொரு கோப்பிலும் அட்டாக்குக்கு ஒரு தாள். அதில் மேலே 'மருந்துக்கு முன் அளவு' என்று ஒரு கட்டம். மருந்து ஊற்றும் முன் அழுத்தம் எவ்வளவு ஏறியிருந்தது என்று தெரிந்தால்தான், சேதத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க முடியும். மாதம் ஒருமுறை எல்லாருக்கும் போன் செய்து நான் சொல்ல வேண்டியதை டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்: அட்டாக் வந்தால் உடனே வரவும். முடிந்தால் மருந்து ஊற்றும் முன் வரவும். வர இயலாவிட்டால், கொடுத்திருக்கும் மருந்தை உடனே தொடங்கிவிடவும்.

முதல் வருடம் அப்படியே வாசித்தேன். கட்டம் நிறையவில்லை. தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் ஒருவர் நாலு நாள் மருந்து ஊற்றிவிட்டு வந்து நின்றார். ஏன் முதலிலேயே வரவில்லை என்று கேட்டதற்கு, "முடிஞ்சாதான வரச் சொன்னிய? முடியல" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் தாள் காலியாகப் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக நான் அந்த வாசகத்தைச் சுருக்கினேன். 'முடிந்தால்' போயிற்று. பிறகு கடைசி வாக்கியமும் போயிற்று. "அட்டாக் வந்தா மருந்து ஊத்தாம நேரே இங்க வாங்க" என்று மட்டும் சொன்னேன். ஆட்கள் வந்தார்கள். கட்டங்கள் நிறைந்தன. "இந்தத் தடவ ஒண்ணும் விட்டுப்போகலையே" என்று டாக்டர் தாள்களைப் புரட்டிச் சொன்ன அன்று நான் மிதந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

ததேயு எங்களிடம் வந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் ஸ்ராங்கு. படகை ஓட்டுவதும் பத்துப் பேரைக் கரை சேர்ப்பதும் அவர் பொறுப்பு. போனால் இருபது நாள், முப்பது நாள் கடலில்தான். இடது கண்ணில் அட்டாக். ஆராய்ச்சியைப் பற்றி விளக்கியதும் சிரித்தார்.

"சும்மா பாத்துட்டு இருக்கதுக்குப் பேரு ஆராய்ச்சியா டாக்டரே?"

"ஆமா. எல்லாரும் பாக்காங்க. யாரும் எழுதி வைக்கல" என்றார் டாக்டர்.

கையெழுத்துப் போட்டார். முதல் பரிசோதனையில் அவர் நரம்பும் பார்வையும் சுத்தமாக இருந்தன. கடலுக்குக் கொண்டுபோக இரண்டு மருந்து கொடுத்தார் டாக்டர். மஞ்சள் மூடி அழுத்தத்துக்கு. ரோஸ் மூடி அழற்சிக்கு. அட்டாக் வந்தால் கடலிலேயே தொடங்கிவிட வேண்டும் என்று நேரில் சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுத்தார். அது நான் இல்லாத நேரம்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவருக்கு நான் போன் செய்தேன். நான்கு முறையும் என் சுருக்கிய வாசகத்தைத்தான் சொன்னேன். நடுவில் கரையிலிருந்தபோது ஓர் அட்டாக் வந்தது. சொன்னபடி மருந்து ஊற்றாமல் பஸ் பிடித்து வந்தார். ஐம்பத்திரண்டு. கட்டத்தில் எழுதினேன். "பாத்தியளா, நீங்க சொன்ன மாதிரியே வந்துட்டேன்" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

ஐந்தாம் முறை போன் செய்தபோது அவர் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. வீட்டு எண்ணில் அவர் மனைவி சகாயம் எடுத்தாள்.

"கடலுக்குப் போய் இன்னைக்கு பன்னெண்டு நாளாச்சு சிஸ்டர். நானே உங்கள விளிக்கணும்னு இருந்தேன். ஒயர்லெஸ்ல சேதி வந்துது. போன அஞ்சாம் நாளே கண்ணுல புகை கெட்டுன மாதிரி ஆயிட்டாம். லைட்டப் பாத்தா சுத்திலும் வளையம் தெரியாம்."

"மருந்து ஊத்துகாரா?"

"இல்ல. ஊத்தாண்டாம்னு நீங்கதான சொல்லியிருக்கிய? கரைக்கு வந்து உங்ககிட்ட அளந்துட்டுதான் ஊத்துவாராம். வாறதுக்கு இன்னும் பத்து நாளு ஆவும்."

விரல் விட்டு எண்ணினேன். அஞ்சாம் நாள் தொடங்கியது. இன்று பன்னிரண்டு. ஏழு நாள் ஆயிற்று. ஐம்பதோ அறுபதோ, ஏழு நாளாக அந்த நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறது. மருந்து அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. என் பேச்சைக் கேட்டு அதைத் தொடாமல் இருக்கிறார்.

"உடனே ஊத்தச் சொல்லு, சகாயம். ஊத்தாம இருக்காண்டாம்னு சொல்லு" என்று கத்தினேன். வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

சகாயத்தின் தம்பி கொச்சித் துறைமுகத்தில் வேலை செய்தான். துறைமுகத்தில் நிற்கும் படகிலிருந்து ஒயர்லெஸ்ஸில் சொன்னால் கடலில் இருக்கும் பக்கத்துப் படகு கேட்கும். அது அதற்கு அப்பால் இருக்கும் படகுக்குச் சொல்லும். அப்படி வாய் மாறி வாய் மாறித்தான் லட்சத்தீவுக்கு மேற்கே நிற்கும் ததேயுவின் படகுக்குச் சேதி போக வேண்டும்.

அன்று மாலை வரை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. இதை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. சேதி போய்ச் சேர்ந்துவிட்டது, மருந்து ஊற்றிவிட்டார் என்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தேன். நல்ல சேதியோடு சேர்த்துச் சொன்னால் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு சகாயம் கூப்பிட்டாள்.

"சேதி சொல்லியாச்சாம் சிஸ்டர். மருந்து ஊத்தாண்டாம்னு ஆஸ்பத்திரியில திரும்பவும் சொல்லியாச்சுன்னு சொன்னானுவளாம்."

'ஊத்தாம இருக்காண்டாம்' என்று நான் சொன்னது, மூன்று படகு தாண்டுவதற்குள் 'ஊத்தாண்டாம்' ஆகியிருந்தது.

நான் டாக்டர் அறைக்கு ஓடினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாசகத்தைச் சுருக்கியதை, எத்தனை மாதமாக என்பதை, மதியத்திலிருந்து சொல்லாமல் இருந்ததை. அவர் 'நீங்க' என்று தொடங்குவார் என்று காத்திருந்தேன்.

"உக்காரு" என்றார். "ஆஸ்துமா இல்லாத ஆளுதான அது?" என்று கோப்பைத் திறந்து பார்த்துக்கொண்டார். மஞ்சள் மூடி மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஒரு தாளில் எழுதினார்: ரெண்டு மருந்தும் இப்போ ஊத்து. பகவதி டாக்டர். அவ்வளவுதான்.

"இதுல மாறிப்போகிற மாதிரி வார்த்தை இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"இத மட்டும் சொல்லச் சொல்லு. ஊத்தின பிறகு எந்தெந்த மூடி என்ன நிறம்னு அந்த ஆளு திருப்பிச் சொல்லணும். நிறம் வராம நம்பாத."

அந்த வாசகத்தை அப்போதே சகாயம் வழியாக அனுப்பினேன். அடுத்த நாள் முழுக்கப் பதில் வரவில்லை. கடல் மோசம், இடையில் நிற்கிற படகு நகர்ந்துவிட்டது என்றான் சகாயத்தின் தம்பி. நான் அன்றும் நாற்பது பேருக்கு மேல் அழுத்தம் பார்த்தேன். கூம்பு விழியைத் தொடும்போதெல்லாம் என் அளவையே நம்பாமல் ஒவ்வொருவருக்கும் மூன்று முறை பார்த்தேன். மேசையில் போனை நிமிர்த்தி வைத்து, அது ஒளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் "சிஸ்டருக்கு வீட்ல சொகமில்லியா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சகாயம் கூப்பிட்டாள். "மஞ்சள் ஒண்ணு, ரோஸ் ஒண்ணு. ரெண்டும் ஊத்தியாச்சாம்." அவள் அழுதாள். நான் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். "ஒம்பது நாளு" என்றார்.

ததேயு படகைத் திருப்பினார். கொச்சியில் இறங்கி ரயில் பிடித்து, நான்கு நாள் கழித்து நேராக எங்களிடம் வந்தார். தாடி வளர்ந்து, உப்பு படிந்த சட்டையோடு. வந்ததும் சிரித்தபடி சொன்னார், "சிஸ்டரே, கோபப்படாதுங்க. டாக்டர் சொன்னாவன்னு ஊத்திட்டேன். உங்க கட்டம் காலியாப் போச்சு."

நான் அவரை உட்காரவைத்து அளந்தேன். அழுத்தம் முப்பத்தொன்று இருந்தது. அதை எழுதிவிட்டு, பார்வைப் புலச் சோதனைக்கு அழைத்துப் போனேன். பெரிய கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுவிலிருக்கும் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரங்களில் எங்காவது வெளிச்சப் பொட்டுத் தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் திரையில் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். வலது கண்ணுக்கு, கிளிக் கிளிக் என்று தவறாமல் சத்தம் வந்தது. இடது கண்ணுக்கு மாற்றினேன். கீழே சத்தம் வந்தது. மூக்குப் பக்கம் மேலே பொட்டு வந்தபோது சத்தம் இல்லை. கருவி பொட்டை இன்னும் வெளிச்சமாக்கிக் காட்டியது. சத்தம் இல்லை. அழுத்துங்கள், அழுத்துங்கள் என்று நான் மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். தாள் அச்சாகி வந்தது. முன்பு வெள்ளையாக இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு.

டாக்டர் இரண்டு தாளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். ததேயுவும் சகாயமும் எதிரில் உட்கார்ந்தார்கள். நான் கதவருகில் நின்றேன்.

"போன்ல எங்க ஆஸ்பத்திரிலேர்ந்து உங்களுக்குச் சொன்னது பிழை. கடல்ல வெச்சே மருந்து ஊத்தியிருக்கணும். இது எங்க பிழை" என்றார் டாக்டர்.

"சொன்னது நான்தான்" என்றேன். "டாக்டர் எழுதிக் கொடுத்தத நான் சுருக்கிட்டேன்."

ததேயு என்னைப் பார்க்கவில்லை. தாளிலிருந்த கறுப்புத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணைக்கே ஊத்தியிருந்தா இது வந்திருக்காதா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது. முந்தின அட்டாக்குலயும் கொஞ்சம் வந்திருக்கலாம். ஆனா ஒம்பது நாளுக்கு இதுல பங்கு இல்லன்னு என்னால சொல்ல முடியாது."

"திரும்பக் கிட்டுமா?"

"போனது திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம்."

சகாயம் எழுந்தாள். "உங்களுக்கு எழுத ஒரு நம்பர் வேணும். அதுக்கு எங்க ஆளுக்க கண்ணுதான் கிடைச்சுதா?" என்று என்னிடம் கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. நான் தலை குனிந்து நின்றேன்.

ததேயு விலகல் தாளைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வைத்தியம் இங்கேயே தொடரலாம், அதற்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். "வாறோம். ஆனா அளவு வேற ஆளு பாக்கட்டும்" என்றார் ததேயு. அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்துதான் என்னுடையது. ஆன்சி பார்த்தது அதைத்தான்.

ஆராய்ச்சிகளை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவுக்கு நடந்ததை எழுத வேண்டும். டாக்டர் என்னையே எழுதச் சொன்னார். 'தொலைபேசித் தகவலில் தெளிவின்மை ஏற்பட்டதால்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். அவர் முதல் வரியை அடித்தார்.

"தெளிவின்மை தானா ஏற்பட்டுதா? யாரு சொன்னது, என்ன சொன்னது, எத்தன தடவ, எதுக்கு. அத எழுது."

மறுபடி எழுதினேன். 'கட்டம் நிறைய வேண்டும் என்பதற்காக நான்' என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. எப்படியோ முடித்தேன். டாக்டர் அதை வாங்கி, கீழே தன் கையால் இரண்டு வரி சேர்த்தார்: கட்டங்கள் திடீரென நிறையத் தொடங்கியபோது எப்படி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பாராட்டினேன்.

பிறகு எல்லா நோயாளிகளுக்கும் அன்றே போன் செய்தோம். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அட்டாக் வந்தால் முதலில் மருந்து, பிறகு பஸ் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன், ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். தாளிலிருந்து அந்தக் கட்டத்தையே டாக்டர் நீக்கிவிட்டார். என்னை இந்த வேலையிலிருந்து மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன்.

"உன்ன மாத்தினா புதுசா ஒரு ஆளு வரும். அதுக்கும் கட்டம் நிறையணும்னு தோணும். உனக்கு இனித் தோணாது. இரு" என்றார்.

இருந்தேன். ஆனால் ஒவ்வொரு போனுக்குப் பிறகும் சொன்னது சரிதானா என்று சந்தேகம் வந்து, அதே ஆளை மறுபடி கூப்பிடுவேன். "இப்பதான சொன்னிய சிஸ்டர்" என்பார்கள். எனக்குத் தூக்கம் கெட்டது. காற்று பலமாக அடித்தால் கடலில் யார் யார் இருக்கிறார்கள் என்று கோப்பை எடுத்துப் பார்ப்பேன்.

ததேயு ஆழ்கடலை விட்டுவிட்டார். ஊரில் சின்ன வள்ளத்தில் காலையில் போய் மதியத்துக்குள் திரும்புகிற தொழில். ஸ்ராங்காக இருந்தவர். அதை எனக்குச் சொன்னது அவர் இல்லை. அவர் வருகிற நாளில் நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன், வேறொரு பெண் அளப்பாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் தாடையைத் தாங்கியில் வைப்பது தெரியும். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று.

ஒரு திங்கள்கிழமை காலை அவர் சகாயத்தோடு வந்தபோது அந்தப் பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

"வேற ஆளு இல்லியா?" என்று சகாயம் கேட்டாள்.

"மதியத்துக்கு மேல ஒருத்தர் வருவாரு. காத்திருக்கதுன்னா இருக்கலாம். அட்டாக்னா காத்திருக்காதுங்கன்னுதான் நான் சொல்லுவேன்" என்றேன்.

ததேயு சகாயத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். நான் எண்ணைப் படிக்க ஒரு நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டேன். சொட்டு விட்டேன். சாயம் தொட்டேன்.

"மருந்து ஊத்தியாச்சா?"

"வீட்லேர்ந்து இறங்கதுக்கு முன்னாலயே ஊத்தியாச்சு. ரெண்டும்."

நீல வெளிச்சத்தில் இரண்டு பச்சை அரை வட்டங்கள் வந்தன. அவர் நாடிக்கு அவை துடித்தன. விளிம்புகளைச் சேர்த்தேன். நர்ஸ் படித்தாள், "முப்பத்தேழு."

அவர் தாங்கியிலிருந்து தலையை எடுத்து, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"ஊத்தாம வந்திருந்தா எவ்வளவு இருந்திருக்கும்?"

"தெரியாது" என்றேன். "தெரியவும் வேண்டாம்."

அவர் கண்ணோரத்தில் வழிந்த மஞ்சள் நீரைத் துடைத்துக்கொண்டு, தாடையைத் திரும்பவும் தாங்கியில் வைத்தார்.

"அடுத்த கண்ணையும் பாருங்க" என்றார்.